ஏற்காடு ஏறும் பிக்கப்புக்கு எந்த டயர்?

கேள்வி: ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறேன். சொந்த பிக்கப். ஆர்சியில் காலி எடை 1,650 கிலோ, சுமையோடு 2,950 கிலோ. பின்னால் ஒற்றைச் சக்கரம்தான். சேலத்திலிருந்து சிமெண்ட், உரம் ஏற்றி வருவோம். ஒரு நடைக்கு 28 மூட்டை சிமெண்ட், டிரைவரோடு மூன்று ஆள். சீசனில் காபி மூட்டை கீழே இறங்கும். தோட்டத்துக்குள் மூன்று கிலோமீட்டர் மண்ணும் கல்லும்; மற்றதெல்லாம் தார் ரோடு. வண்டியோடு வந்த டயர் எல்டி (சிறு சரக்கு வண்டிக்கான வகை) 215/75 ஆர்15, 8 பிஆர் (டயரின் பலத்தைக் காட்டும் எண்). பின்னால் இரண்டும் தேய்ந்ததும் போன வருடம் அதே 215/75 ஆர்15 அளவில், விலை குறைவாகக் கிடைத்த டயரைப் போட்டேன். பத்து மாதத்தில் ஒன்றுக்குப் பட்டன் (டயர் தரையில் படும் பகுதி) ஓரத்தில் கொப்புளம் கிளம்பியது. இன்னொன்று சங்ககிரி பக்கம் பைபாஸில் பட்டை பிய்ந்து வெடித்தது. கதவு ஸ்டிக்கரில் சுமையோடு முன்னால் 40, பின்னால் 65 காற்று என்று இருக்கிறது. டயர் கடையில், "நாலுக்கும் 45 போதுங்க, அதுக்கு மேல அடிச்சா வெடிச்சிரும்" என்கிறார்கள். இப்போது கடைக்காரர் 235/75 பெரிய டயர் போடச் சொல்கிறார். மெக்கானிக் ரீட்ரேட் (பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டுவது) போதும் என்கிறார். காபி அறுவடை தொடங்குவதற்குள் மாற்றியாக வேண்டும். எதைப் போடுவது?

பதில்: போட வேண்டியது எல்டி 215/75 ஆர்15, 8 பிஆர், லோடு இண்டெக்ஸ் 106/103. சுமை ஏற்றும்போது பின் சக்கரத்துக்குக் காற்று 65. சிமெண்ட் 28 மூட்டையிலிருந்து 22-க்கு இறங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் புது டயருக்கும் இதே கதிதான் வரும்.

கொப்புளம் வந்த டயர் இன்னும் உங்கள் கையில் இருக்கும். அதன் பக்கச்சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அளவு அச்சடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். ஓர் எண்ணும் அதையொட்டி ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அநேகமாக 100 எஸ் என்று இருக்கும். அந்த எண்தான் லோடு இண்டெக்ஸ்: ஒரு டயர் அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. எல்டி டயரில் 106/103 என்று இரண்டு எண் இருப்பதில் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு. உங்களுக்கு முதல் எண் மட்டுமே கணக்கு. கூட வரும் எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் 180 கிலோமீட்டர், க்யூ என்றால் 160. சரக்கு வண்டிக்கு எதுவானாலும் தாராளம்.

215/75 ஆர்15 என்ற ஒரே அளவில் மூன்று விதமான டயர் உண்டு. காருக்கும் ஜீப்புக்குமான சாதாரண டயர், இண்டெக்ஸ் 100. எல்டி 6 பிஆர், அதுவும் 100/97. எல்டி 8 பிஆர், 106/103. அகலம், உயரம், ரிம் எல்லாம் ஒன்றே. சுவரில் சாய்த்து வைத்தால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. "அதே சைஸ்தானே" என்று வாங்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. கடையில் சட்டென்று கண்டுபிடிக்க இன்னொரு வழி, ஐஎஸ்ஐ முத்திரை. முத்திரையோடு ஐஎஸ் 15633 என்று இருந்தால் அது கார் வகைக்கான தரம். ஐஎஸ் 15636 என்றால் வணிக வாகனத்துக்கான தரம். உங்களுக்கு 15636 வேண்டும். முத்திரையே இல்லாத டயரைத் தொடவே வேண்டாம். நம் நாட்டில் விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

கார் வகை டயரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காருக்கான டயரைச் சரக்கு வண்டியில் மாட்டினால் அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்வது டயர் தொழிலில் வழக்கம். 800 கிலோ என்று போட்டிருந்தாலும் உங்கள் வண்டியில் அதை 727 கிலோ என்றே எடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் பின் சக்கரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். காலி வண்டியின் 1,650 கிலோவில் சுமார் 700 கிலோ பின் அச்சில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஏற்றும் சரக்கில் பத்தில் ஒன்பது பங்கு பின் அச்சுக்குப் போகும். கேபினில் உட்காரும் மூன்று பேரின் 200 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு, 70 கிலோ, பின்னால் விழும். 28 மூட்டை சிமெண்ட் 1,400 கிலோ. அதில் 1,260 பின்னால். 700, 1,260, 70 மூன்றையும் கூட்டினால் 2,030. இரண்டு டயருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் மேலும் 1,015 கிலோ. 727 தாங்கும் டயரில் 1,015. ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். பத்து மாதம் ஓடியதே பெரிது.

சரியான 106 டயரைப் போட்டாலும் அதன் எல்லை 950தான். 28 மூட்டையின் 1,015-ஐ அதுவும் தாங்காது. வண்டியின் மொத்த எடையும் 3,250 கிலோவாகி, ஆர்சியில் உள்ள 2,950-ஐ 300 கிலோ தாண்டுகிறது. 22 மூட்டை என்றால் சரக்கு 1,100, ஆள் 200, மொத்தம் சரியாக 2,950. பின் டயர் ஒன்றின் மேல் 880 கிலோ. 950-க்குக் கீழே 70 கிலோ மிச்சம். அந்த மிச்சம் உங்கள் பாதைக்குக் கண்டிப்பாக வேண்டும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். 8 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு பின் டயருக்கும் 35 கிலோ அளவுக்குக் கூடும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயர் மேல் இன்னும் சில நூறு கிலோ வந்து அமர்ந்து எழும். அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் இப்படி இருபது வளைவு. இந்த நொடிநேரச் சுமையைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். ஆனால் நிலையான சுமையே எல்லையைத் தாண்டி நின்றால் அந்தத் தாங்கலுக்கு இடமே இல்லை. யூரியா ஏற்றும் நாளில் மூட்டை 45 கிலோ என்பதால் 24 மூட்டை வரை போகலாம்.

நான் எடுத்த 700 கிலோவும் பத்தில் ஒன்பது பங்கும் தோராயம். தொட்டி எவ்வளவு பின்னால் நீட்டியிருக்கிறது, மூட்டையை எங்கே அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். சந்தேகம் தீர ஒரே வழி எடை மேடை. இரும்பும் பஞ்சும் ஏற்றும் ஊரான சேலத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக ஏற்றும் சுமையோடு, பின் சக்கரம் இரண்டு மட்டும் மேடையில் நிற்கும்படி வண்டியை நிறுத்தச் சொல்லி எடை எடுங்கள். வரும் எண்ணை இரண்டால் வகுங்கள். அது 900-ஐத் தாண்டினால் மூட்டையைக் குறையுங்கள், அல்லது முன்பக்கமாக நகர்த்தி அடுக்குங்கள். மேடைக்குக் கொடுக்கும் சிறு தொகை டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது காற்று. சரியான டயரை வாங்கிய பலர் தோற்பது இங்கேதான், ஆகவே இதைப் பொறுமையாகப் படியுங்கள். சுமையைத் தாங்குவது ரப்பரோ கம்பியோ இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. 8 பிஆர் என்பது, கூடுதல் காற்றைப் பிடித்து வைக்கும் பலம் டயருக்கு உண்டு என்று மட்டுமே சொல்கிறது. எல்டி 215/75 ஆர்15 டயர் 65 பிஎஸ்ஐ காற்றில் 950 கிலோ தாங்கும். அதே டயர் 50 பிஎஸ்ஐயில் 800 கிலோதான் தாங்கும். 45-க்கு இறங்கினால் சுமார் 740. அதாவது 8 பிஆர் டயரைக் காசு கொடுத்து வாங்கி 45 காற்று அடித்தால், 6 பிஆர் டயரைவிடக் குறைவாகவே வேலை வாங்குகிறீர்கள்.

"45-க்கு மேல் வெடிச்சிரும்" என்று கடையில் சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கார் வகை டயர்களின் பக்கச்சுவரில் அதிகபட்சக் காற்று 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருப்பார்கள். அவர்கள் உங்களுக்குப் போட்ட டயருக்கு அந்தப் பேச்சு சரி, உங்கள் வண்டிக்குத்தான் பொருந்தாது. 8 பிஆர் எல்டி டயரின் சுவரிலேயே 65 பிஎஸ்ஐ என்று இருக்கும். அடுத்த முறை கடைப் பையன் தயங்கினால் அந்த எழுத்தைக் காட்டுங்கள்.

காற்று குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது? தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகிப் பிதுங்கி, தரையை விட்டதும் நிமிர்கிறது. உங்கள் அளவு டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றும். நொடிக்குப் பத்து முறை வளைந்து நிமிரும். வளைவு அதிகமானால் சூடு அதிகம். அந்தச் சூடு குவியும் இடம் பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பிப் பட்டையின் ஓரம். அங்கே ரப்பர் கம்பியை விட்டுப் பிரியத் தொடங்கும். முதலில் ஓரத்தில் மெல்லிய மேடு, பிறகு கொப்புளம், கடைசியில் பட்டை உரிந்து வெடிப்பு. உங்கள் இரண்டு டயருக்கும் வந்தது ஒரே நோய். ஒன்று பாதியில் பிடிபட்டது, மற்றது முடிவு வரை போனது. மலையில் வெடிக்காமல் சமதளத்தில் வெடித்ததும் இதனால்தான். மலைப்பாதையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்றுதான். சூடு ஆற நேரம் கிடைக்கும். சங்ககிரி பைபாஸில் கிடைக்காது.

கொப்புளம் பட்டன் ஓரத்தில் இல்லாமல் பக்கச்சுவரின் நடுவில் வந்தால் காரணம் வேறு. கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதி உள் நூல் அறுந்திருக்கும். தோட்டப் பாதையில் அதற்கு வாய்ப்பு நிறைய. காற்று குறைந்த டயர் அப்படி மோதும்போது சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்குகிறது. அங்கேயும் 65 காப்பாற்றும்.

காற்றை எப்போதும் ஆறிய டயரில் பாருங்கள்: காலையில் வண்டி எடுக்கும் முன், அல்லது நிறுத்தி மூன்று மணி நேரம் கழித்து. ஒரு நல்ல கேஜ் சொந்தமாக வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். நாகலூரிலிருந்து கடைக்குப் போவதற்குள் டயர் சூடாகிவிடும் என்பதால் இப்படிச் செய்யுங்கள். வீட்டிலேயே அளந்து, 58 காட்டினால் 7 குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் கேஜ் 62 காட்டினால் 69 வரை ஏற்றச் சொல்லுங்கள். குறை எவ்வளவோ அதை மட்டும் கூட்டுவதுதான் கணக்கு.

மலைக்கும் சமதளத்துக்கும் போய்வரும் வண்டியில் கேஜ் மாற்றிக் காட்டுவது கண்டு பலர் குழம்புகிறார்கள். சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே 2 பிஎஸ்ஐ குறைவு, அதனால் மேலே போனால் கேஜ் 2 கூடுதலாகக் காட்டும். குளிர் அதை எதிர்த் திசையில் இழுக்கும். 65 காற்று உள்ள டயரில் 10 டிகிரி குறைந்தால் இரண்டரை பிஎஸ்ஐக்குச் சற்று மேல் இறங்கும். விடியற்காலை 16 டிகிரியில் நாகலூரில் 65 அடித்துவிட்டு நண்பகல் 36 டிகிரியில் சேலம் வந்தால், ஓடிய சூட்டைச் சேர்க்காமலே 68 காட்டும். ஓடிய சூட்டில் 70-ஐத் தாண்டும். பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள். அந்த ஏற்றத்துக்கு டயரில் இடம் உண்டு. சூட்டில் 65-க்கு இறக்கினால், மறுநாள் காலை குளிரில் 58, 59-தான் இருக்கும். அதோடு சுமை ஏற்றுவீர்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் லீவரால் டயரைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அது இரட்டைச் சக்கரத்தில் ஒன்று காற்று இறங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க உதவும். 65-ஐயும் 50-ஐயும் தட்டிப் பிரித்தறிய யாராலும் முடியாது.

சுமை இல்லாமல் ஒரு வாரம் ஓடப் போகிறது என்றால் 65 தேவையில்லை. காலி வண்டியில் அந்தக் காற்றோடு பின்பக்கம் குதிக்கும், மழையில் வழுக்கும், பட்டன் நடுவில் மட்டும் தேயும். காலி வண்டிக்கான எண்ணும் ஸ்டிக்கரிலோ உரிமையாளர் கையேட்டிலோ இருக்கும், அதற்கு இறக்கலாம். ஏறும்போது சுமை, இறங்கும்போது காலி என்று ஒரே நாளில் மாறினால் தொடாமல் விடுங்கள். முன் சக்கரத்தில் ஸ்டிக்கரின் 40 போதும். அங்கே ஒரு டயர் மேல் 600 கிலோதான்.

235/75 பற்றி. "பெரிசு தாங்கும்" என்பது கண்ணுக்குத் தோன்றுவது. எண் வேறு சொல்கிறது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் எல்டி 235/75 ஆர்15, 6 பிஆர் டயரின் இண்டெக்ஸ் 104/101. அதாவது 900 கிலோ. வண்டியோடு வந்த டயரைவிட 50 கிலோ குறைவு. உயரமும் மாறுகிறது: 215/75 டயரின் விட்டம் 703 மி.மீ., 235/75-இன் விட்டம் 733. நான்கு சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62-க்கு மேல் போவீர்கள். எல்லா கியரும் நான்கு சதவீதம் இழுவை குறைந்ததுபோல் ஆகும். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் சுமையோடு எழும்பும்போது கிளட்சுக்குத் தெரியும். பிரேக்குக்கும் அதே அளவு கூடுதல் வேலை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டயர் உரசலாம். உங்கள் பாதையில் முழுத் திருப்பம் தினமும் வரும். 215-க்கு ஏற்ற ஐந்தரை அங்குல ரிம்மில் 235 சரியாக உட்காராது. அதற்குக் குறைந்தது ஆறு அங்குலம் வேண்டும். சரக்கு வாகனப் பதிவில் டயர் அளவும் இடம்பெறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அந்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதையெல்லாம்தான். வேண்டாம்.

ரீட்ரேடிங் கெட்ட வேலை இல்லை. நல்ல கேசிங்கில் (பட்டன் நீங்கலான டயரின் உடல்), நல்ல பட்டறையில் செய்த கோல்டு ரீட்ரேட் லாரிகளில் வருடக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் அது கேசிங்கின் ஆயுளை வாங்கித்தான் ஓடும். காற்றுக் குறைவாகவும் சுமை அதிகமாகவும் மாதக்கணக்கில் ஓடிய டயரின் பக்கச்சுவர் நூல் உள்ளேயே களைத்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டியோடு வந்த பழைய இரண்டு டயரும் 45 காற்றில் இதே சுமையோடு ஓடியவையாக இருந்தால் அவற்றுக்குப் புதுப் பட்டன் ஒட்டுவது வீண்செலவு. முன் சக்கரத்துக்கு ரீட்ரேட் எந்த நிலையிலும் வேண்டாம். இறக்கத்தில் ஸ்டியரிங் டயர் வெடித்தால் வண்டியைப் பிடிக்க இடம் இருக்காது.

பட்டன் வகைக்கு வருவோம். நீளவாட்டில் கோடு போட்ட ரிப் வகை தார் ரோட்டில் அமைதியாக ஓடும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், மழைநீரை வெளியே தள்ளும். குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும் லக் வகை மண்ணில் கடித்து ஏறும். ஆனால் தாரில் கட்டையின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து ரம்பப் பல்போல் ஆகிவிடும், இரைச்சல் கிளம்பும். ஈரத் தாரில் தரையைத் தொடும் ரப்பரும் குறைவு. உங்கள் ஓட்டத்தில் மண் மூன்று கிலோமீட்டர்தான். அதற்காக முழு லக் போட்டு, மூடுபனியும் மழையுமாக இருக்கும் மலைப்பாதையில் பிடிமானத்தை இழப்பது நியாயமில்லை. நடுவில் அறுபடாத ரிப், தோளில் (பட்டனின் ஓரத்தில்) வெட்டுக் கட்டை என்று கலந்து வரும் வடிவம் உங்களுக்குப் பொருந்தும். நான்கிலும் ஒரே வடிவம் இருந்தால் நல்லது. நைலான் டயர் விலை குறைவாகக் கிடைத்தாலும் ரேடியலோடு ஒரே அச்சில் கலக்கவே கூடாது. எந்தக் கம்பெனி என்று கேட்டால், எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே எதுவானாலும் சரி. 8 பிஆரும் 106-ம் இருக்க வேண்டும், உங்களுக்குப் பக்கத்தில் டீலர் இருக்க வேண்டும்.

நான்கும் மாற்றப் பணம் இல்லையென்றால் புது ஜோடி பின்னால். ஒரே அச்சில் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வடிவமாக இருக்கட்டும். முன் டயர்களின் பட்டன் ஆழத்தை அளந்து பாருங்கள். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் 3 மி.மீட்டருக்குக் கீழே போன டயரோடு இருபது வளைவையும் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்த அளவில் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே 106 ஆக இருக்க வேண்டும். சுமையோடு பின்னால் மாட்ட வேண்டி வருவது அதைத்தான்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓராண்டுக்குள் செய்ததாகக் கேளுங்கள். இரண்டு டயரின் தேதியும் அருகருகே இருந்தால் இன்னும் நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அதைச் சொல்லுங்கள். பில்லில் டயரின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பிறகு கம்பெனியிடம் வாரண்டி கேட்க அது இல்லாமல் முடியாது.

மாட்டும் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்க்கச் சொல்லுங்கள்; காற்று மெல்லக் கசிவது பெரும்பாலும் அங்கேதான். விளிம்புக்குத் தடவ வேண்டியது டயர் பேஸ்ட் அல்லது சோப்புக் கரைசல்; கிரீஸ் கூடாது. ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமானது. நீங்கள் அந்த எல்லையிலேயே ஓட்டுவதால், பின் சக்கரத்துக்கு நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு கேளுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும். பேலன்ஸிங் எடை குறைவாகப் பிடிக்கும். டயர் ரிம்மில் உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவித்தான் முயல வேண்டும். அந்த நேரத்தில் யாரும் டயருக்கு நேராக நிற்கக் கூடாது. டியூப்லெஸ் ரிம் என்றால் டியூப் போட விடாதீர்கள். உள்ளே உரசிச் சூடேறும். ஆணி ஏறினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். பஞ்சருக்கு வெளியிலிருந்து திணிக்கும் ஸ்ட்ரிப் வீடு வந்து சேர்வதற்கு. பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போட வேண்டும், அதுவும் பட்டன் நடுவில் மட்டும். தோளிலும் பக்கச்சுவரிலும் ஒட்டுப் போட்டால் நிற்காது.

வீல் நட்டை எதிரெதிராக, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். புது டயரின் மேல் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு மழையில் வேகமாக இறங்க வேண்டாம். மாட்டிய அன்றே அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் வண்டியில் முன் டயரின் இரண்டு தோளும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது இயல்பு. டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தவறியிருந்தால் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்காக வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கத்தி முனைபோல் சுரசுரப்பாகவும் பட்டால் அலைன்மெண்ட் கெட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பாமல், கொஞ்சம் நகர விட்டுத் திருப்பச் சொல்லி டிரைவரிடம் சொல்லுங்கள். நிற்கும்போது திருப்பினால் முன் டயர் வீணாகத் தேயும்.

காபி மூட்டையோடு இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்கும் வால்வுக்கும் ஏறும். அடிவாரத்தில் நிறுத்தியதும் சூடான டிரம் மேல் தண்ணீர் ஊற்றுவதும் ஆகாது. டிரம் விரிசல் விடும்.

கொப்புளம் வந்த டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ள வேண்டாம். டயர் போட்ட மாட்டு வண்டிக்கோ டிரெய்லருக்கோ வேண்டும் என்று யாராவது கேட்டு வருவார்கள், அவர்களுக்கும் கொடுக்காதீர்கள். பக்கச்சுவரை இரண்டு இடத்தில் அறுத்துவிட்டுப் பழைய டயர் எடுப்பவரிடம் போடுங்கள்.